உலை வேறு, லேசர் வேறு

விறகில் வெந்தால் என்ன, கேஸில் வெந்தால் என்ன, சோறு சோறுதானே என்கிற வாதம் சமையலறையிலேயே எடுபடாது. ஆனால் பொருளறிவியல் வட்டாரத்தில் அதன் ஒன்றுவிட்ட தம்பி ஒருவன் நல்ல மரியாதையோடு உலவிவருகிறான். கண்ணாடி மேல் பத்து நானோ மீட்டர் தடிமனில் பூசிய தங்கத்தை லேசர் துடிப்பால் உருக்கித் துளிகளாக்குகிறோம் என்று ஓர் ஆய்வு மாணவர் சொல்லட்டும். கேட்பவர் வரிசையிலிருந்து ஒரு குரல் எழும்: “இதை உலையில் வைத்தாலும் நடக்குமே. வெப்பம் வெப்பம்தானே. லேசர் என்பது வேகமான, விலை கூடிய உலை, அவ்வளவுதான்.” பக்கத்தில் இருப்பவர்கள் தலையாட்டுவார்கள். மாணவரும் பெரும்பாலும் தலையாட்டிவிடுவார், நேரம் மிச்சம் என்று.

இந்தக் கருத்து அறிவில்லாதவர்கள் சொல்வது என்றால் விட்டுவிடலாம். வெப்ப இயக்கவியலை நன்றாகப் படித்தவர்கள் சொல்வது இது. அதனால்தான் இதோடு கொஞ்சம் நின்று சண்டை போட வேண்டியிருக்கிறது.

முதலில் அவர்கள் தரப்பை அவர்கள் சொல்வதைவிட நன்றாகவே சொல்லிவிடுகிறேன். உருகிய தங்கத்தின் பரப்பு இழுவிசை மீட்டருக்குச் சுமார் 1.15 நியூட்டன், தண்ணீருக்கு 0.072. அதாவது தண்ணீரைப்போலப் பதினாறு மடங்கு. இவ்வளவு ஆற்றலைப் பரப்பில் சுமந்திருக்கும் உலோகம், சிலிக்கா போன்ற மின்காப்புப் பரப்பின் மேல் விரிந்து கிடக்க விரும்பாது. அந்தப் பரப்போடு அதற்கு வேதிப் பிணைப்பும் பெரிதாக இல்லை. விட்டால் சுருண்டு உருண்டை ஆகும். சிலிக்கா மேல் உட்காரும் தங்கத் துளியின் சேர்கோணம் 90 டிகிரியைத் தாண்டி வெகுதூரம் போய்விடுகிறது. நாம் ஆவியாக்கிப் பூசும் படலம் தரையில் ஒட்டிக் கிடப்பது விருப்பத்தால் இல்லை; குளிரில் அணுக்கள் நகர முடியாததால். நகரும் வசதியை யார் செய்து கொடுத்தாலும் அது துளியாகத்தான் போகும். டீவெட்டிங் என்று ஆய்வகங்களில் சொல்வது இதைத்தான். உலை நகர வைக்கிறது, லேசரும் நகர வைக்கிறது. தூண்டும் ஆற்றல் ஒன்று, போய்ச் சேரும் இடம் ஒன்று. ஆகவே இரண்டும் ஒன்று.

இதில் முதல் பாதி முழுக்கச் சரி. தூண்டும் ஆற்றல் ஒன்றுதான். “போய்ச் சேரும் இடம்” என்ற இடத்தில்தான் வண்டி குடைசாய்கிறது.

போய்ச் சேரும் இடம் எது? பரப்பு ஆற்றல் மிகக் குறைந்த நிலை எது என்று அவர்களுடைய வெப்ப இயக்கவியலையே கேட்டால், அது தரும் பதில் ஒரே ஒரு பெரிய துளி. கண்ணாடித் துண்டின் மேல் இருக்கும் தங்கம் முழுவதும் ஒற்றை உருண்டையாகத் திரண்டு உட்கார்ந்தால்தான் கணக்கு முடியும். அப்படி ஓர் உருண்டையை யாரும் கேட்கவில்லை, யாரும் செய்வதும் இல்லை. நமக்கு வேண்டியது 50 நானோ மீட்டர் விட்டமுள்ள ஆயிரக்கணக்கான துளிகள், ஒன்றுக்கொன்று இன்ன தூரத்தில். அது வெப்ப இயக்கவியலின் முடிவு நிலை இல்லை. வழியில் எங்கோ நிறுத்தப்பட்ட ஒரு நிலை. டீவெட்டிங் செய்து எடுத்த எந்தப் படத்தை வேண்டுமானாலும் பாருங்கள், உலைப் படமோ லேசர் படமோ, அத்தனையும் நடுவழியில் எடுத்தவை. நடுவழியில் நிற்பவனைப் பற்றிப் பேசும்போது அவன் எந்த ஊருக்குக் கிளம்பினான் என்பதை வைத்து அவன் நிற்கும் இடத்தைச் சொல்ல முடியாது. எந்தப் பாதையில் வந்தான், எப்போது நிறுத்தினார்கள் என்பதைத்தான் கேட்க வேண்டும்.

உலையின் பாதை எது? இதற்கு 1857க்குப் போகலாம். அந்த ஆண்டு மைக்கேல் ஃபாரடே, தங்கமும் பிற உலோகங்களும் ஒளியோடு கொள்ளும் உறவைப் பற்றி லண்டன் ராயல் சொசைட்டியில் ஆற்றிய உரையில் ஒரு சோதனையைச் சொல்கிறார். அடித்து மெலிதாக்கிய தங்கத் தாளைக் கண்ணாடித் தகட்டில் ஒட்டிச் சூடாக்கினார். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் பச்சையாகத் தெரியும் அந்தத் தாள், சூட்டில் பச்சையை இழந்தது, பளபளப்பை இழந்தது, ஒளியை அதிகமாக உள்ளே விட்டது. அகேட் கல்லால் அழுத்தித் தேய்த்தால் பச்சை திரும்பியது. தங்கம் உருகவே இல்லை. அதன் உருகுநிலையான 1064 டிகிரிக்கு வெகு கீழேயே இது நடந்தது. பின்னாளில் ஜார்ஜ் பீல்பி போன்றவர்கள் நுண்ணோக்கியில் பார்த்து, சூடான தாள் இடைவெளிகளும் மணிகளுமாக உடைந்திருப்பதைக் காட்டினார்கள். ஃபாரடே தம் கண்ணாடித் தகட்டில் கண்டது திண்மநிலை டீவெட்டிங். பெயர்தான் அப்போது இல்லை.

இன்றைக்கும் உலை செய்வது ஃபாரடே கண்டதையேதான். காரணம் எளிது. சாதாரண ஜன்னல் கண்ணாடி 700 டிகிரியை ஒட்டி இளகத் தொடங்கிவிடும். தங்கத்தை அதன் மேல் வைத்து உலையில் உருக்க முயன்றால் முதலில் கண்ணாடி கூழாகும். சிலிக்காவைப் போட்டால் தாங்கும், ஆனால் அங்கேயும் உருகுநிலைக்குப் போகும் வழியிலேயே, சில நூறு டிகிரியில், படலம் உடைந்து முடிந்திருக்கும். உலோகம் திரவமாகும் நேரம் வருவதற்குள் திண்மமாகவே கதை முடிந்துவிடுகிறது. ஆக, “உலையில் உருகி டீவெட்டிங் ஆகிறது” என்று சொல்பவர் பெரும்பாலும் நடக்காத ஒன்றைச் சொல்கிறார். அங்கே எதுவும் உருகுவதில்லை.

உருகாத உலோகம் எப்படி நகர்கிறது? பரப்பின் மேல் அணு அணுவாக. படலம் ஒரே படிகம் இல்லை, சின்னச் சின்னப் படிக மணிகள் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கியது. இரண்டு மணிகள் சேரும் எல்லைக் கோட்டில் ஒரு பள்ளம் விழும். வில்லியம் முல்லின்ஸ் 1957இல் இந்தப் பள்ளத்தின் கணக்கைப் போட்டார்: பரப்பு வழியே அணுக்கள் நகரும்போது அதன் ஆழம் நேரத்தின் நாலாம் மூலப்படி வளர்கிறது. பள்ளம் இரட்டிப்பு ஆழமாக வேண்டும் என்றால் பதினாறு மடங்கு காத்திருக்க வேண்டும். மூன்று மணிகள் சந்திக்கும் முனையில் பள்ளம் இன்னும் ஆழம். அது கண்ணாடியைத் தொட்டதும் ஓட்டை. ஓட்டை விரியும்போது அதன் விளிம்பில் உலோகம் மேடு தட்டும். மேடு தடிக்கத் தடிக்க விரிவது மெதுவாகும். எங்கே உடையும் என்பதைத் தீர்மானிப்பது பூசியபோது மணிகள் எப்படி அமைந்தன என்பதே. எந்த முகம் மேலே பார்க்கிறது, எந்த எல்லை எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பதெல்லாம் துளியின் வடிவம் வரை எதிரொலிக்கும். உலையிலிருந்து வரும் துகள்களில் பட்டை பட்டையான படிக முகங்கள் தெரிவது இதனால்தான்.

திரவத்துக்கு இந்தச் சங்கதி எதுவுமே கிடையாது. அதற்கு மணி இல்லை, மணி எல்லை இல்லை, முகம் இல்லை. அங்கே ஆள்வது வேறு ஓர் எதிரிடை: மேற்பரப்பை மட்டமாக வைத்திருக்கப் பார்க்கும் பரப்பு இழுவிசை ஒரு பக்கம், மெல்லிய இடத்தை இன்னும் மெல்லியதாக்கும் வான் டெர் வால்ஸ் விசை மறுபக்கம். டச்சு அறிவியலாளர் ஃப்ரை 1966இல் மெல்லிய திரவப் படலங்கள் தாமாகவே கிழிவதற்கான கணக்கைத் தந்தார். பத்து ஆண்டுகளுக்குள் ரக்கன்ஸ்டைனும் ஜெயினும் திடப் பரப்பின் மேல் கிடக்கும் படலத்துக்கு அதை எடுத்துச் சென்றார்கள். அவர்கள் சொல்வது: மேற்பரப்பில் எழும் நுண்ணிய அலைகளில் ஒரு குறிப்பிட்ட அலைநீளம் மற்றவற்றை முந்திக்கொண்டு வளரும், அந்த அலைநீளம் தடிமனின் இருமடிக்கு நேர் விகிதம், வளர ஆகும் நேரம் தடிமனின் ஐந்துமடிக்கு நேர் விகிதம். படலத்தை இரட்டிப்புத் தடிமனாக்கினால் துளிகளின் இடைவெளி நான்கு மடங்கு; காத்திருக்கும் நேரம் 32 மடங்கு; ஒவ்வொரு துளியின் விட்டமும் மூன்று மடங்குக்குச் சற்று மேல். முல்லின்ஸின் பள்ளத்துக்கும் ஃப்ரையின் அலைக்கும் பொதுவாக எந்தச் சமன்பாடும் இல்லை. ஒன்று திண்மத்தில் ஊரும் அணுக்களின் கதை, மற்றொன்று பாயும் திரவத்தின் கதை. இரண்டையும் “வெப்பம்” என்ற ஒரே பையில் போட்டுக் கட்டுபவர், பனிக்கட்டி தேய்வதையும் ஆறு ஓடுவதையும் தண்ணீர்தானே என்று சொல்லி ஒரே அத்தியாயத்தில் முடிப்பவர்.

உலோகங்களில் இந்தத் திரவப் பாதையைக் கண்ணால் காட்டியவர்கள் ஜெர்மனியின் கான்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகத்தவர். 1996இல் பிஷோஃப், ஹெர்மிங்ஹவுஸ், லைடரர் முதலானோர், சிலிக்கா மேல் பூசிய தங்கம், தாமிரம், நிக்கல் படலங்களை நானோ நொடி லேசர் துடிப்பால் உருக்கி, உறைந்தபின் பார்த்தார்கள். இரண்டு வகைக் கிழிசல்கள் இருந்தன. குறைபாடுகளில் தொடங்கிய ஓட்டைகள் ஒருவகை. படலம் முழுக்க ஒரே அளவில் நெளிந்து எழுந்த அலைகள் இன்னொரு வகை. அந்த இரண்டாவது வகையைப் பார்க்க வேண்டுமென்றால் உலோகம் திரவமாக இருக்க வேண்டும், அதுவும் அலை வளர்ந்துகொண்டிருக்கும்போதே உறைய வேண்டும். உலை இரண்டையும் தராது.

ஏன் தராது என்பதற்கு நேரக் கணக்கைப் பார்க்க வேண்டும். உருகிய தங்கத்தின் பரப்பு இழுவிசையை அதன் பாகுநிலையால் வகுத்தால் ஒரு வேகம் வரும்: நொடிக்கு 200 மீட்டருக்கு மேல். மெல்லிய திரவ உலோகம் தன்னைத்தானே சுருட்டிக்கொள்ள எவ்வளவு அவசரப்படுகிறது என்பதற்கு இது ஓர் அளவுகோல். நூறு நானோ மீட்டர் ஆரமுள்ள தங்கத் துளி தன் வடிவத்தைத் திருத்திக்கொள்ள எடுக்கும் நேரம் நான்கு நானோ நொடி அளவில். இவ்வளவு வேகமாக ஓடுவதை நடுவழியில் நிறுத்த உலையின் கதவைத் திறந்தால் போதுமா? பத்து நானோ நொடித் துடிப்பு இங்கே அளந்து வைத்ததுபோலப் பொருந்துகிறது. பத்து நானோ மீட்டர் தங்கத்துக்குள் வெப்பம் மேலிருந்து கீழே பரவ ஒரு சில பிக்கோ நொடிகள் போதும். அடியில் உள்ள சிலிக்காவிலோ அதே பத்து நானோ நொடியில் வெப்பம் போகும் ஆழம் நூறு நானோ மீட்டரைத் தாண்டாது. அதற்குக் கீழே இருக்கும் ஒரு மில்லி மீட்டர் கண்ணாடிக்கு எதுவும் நடந்ததாகவே தெரியாது. துடிப்பு நின்றதும் அந்தக் குளிர்ந்த கண்ணாடி வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ள, உலோகம் நொடிக்கு ஆயிரம் கோடி டிகிரி அளவிலான வேகத்தில் ஆறுகிறது. அலை எந்த இடத்தில் இருந்ததோ அதே இடத்தில் உறைகிறது.

அடுத்த துடிப்பு வரும்போது அது மறுபடி உருகி, விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் பத்து நானோ நொடி மட்டும் திரவமாக இருந்தால், ஆயிரம் துடிப்புக்குப் பிறகும் அந்தப் படலம் மொத்தத்தில் திரவமாக இருந்த நேரம் பத்து மைக்ரோ நொடி. சில துடிப்புகளோடு நிறுத்தினால் ஓட்டைகள், இன்னும் பல கொடுத்தால் பலகோண வலை, மேலும் கொடுத்தால் துளிகள். ஒரே மாதிரியில் பக்கத்துப் பக்கத்து இடங்களில் வேறு வேறு எண்ணிக்கையில் துடிப்புகளைக் கொடுத்து, முழுக் கதையையும் வரிசையாகப் பரப்பி வைக்கலாம். உலை ஆதரவாளர் கேட்பார்: “என்ன வெப்பநிலையில் செய்தீர்கள்?” லேசர் சோதனையில் இந்தக் கேள்விக்கு ஒற்றை எண்ணில் பதிலே கிடையாது. ஏறி இறங்கும் ஒரு வரலாறுதான் உண்டு. அந்தக் கேள்வி பொருந்தாத இடத்தில் இரண்டும் ஒன்று என்று எப்படிச் சொல்வது?

இதுவரை சொன்னதற்கு ஒரு கெட்டிக்கார எதிர்வாதம் உண்டு. “சரி, லேசர் என்பது உலோகத்தை உருக்கி உறைய வைக்கும் வேகமான உலை. வேகம் தந்த வித்தியாசங்களைச் சொல்கிறீர்கள். திரவமாக இருக்கும் அந்தப் பத்து நானோ நொடியில் நடப்பது, அந்த வெப்பநிலையில் எந்த உலையிலும் நடப்பதுதானே?” இதற்கான பதில்தான் இந்தக் கட்டுரையின் நடுநாடி.

உலைக்குள் படலத்தின் எல்லா இடமும் ஒரே வெப்பநிலை. ஓரிடம் ஒன்பது நானோ மீட்டர், பக்கத்து இடம் பதினொன்று என்றாலும் இரண்டும் ஒரே சூட்டில் இருக்கும், ஏனென்றால் சூடு வெளியிலிருந்து வருகிறது. லேசரில் சூடு படலத்துக்குள்ளேயே பிறக்கிறது. வெளிச்சத்தை விழுங்குவது படலமே. புறஊதா ஒளி உலோகத்துக்குள் போகும் ஆழம் பத்துப் பதினைந்து நானோ மீட்டர் அளவுதான். படலம் அதைவிட மெல்லியதாக இருந்தால் ஒளியின் ஒரு பங்கு தப்பித்துக் கண்ணாடிக்குள் போய்விடும். சிலிக்கா அதை விழுங்காமல் வழியனுப்பிவிடும். தடிமன் கூடினால் விழுங்கும் பங்கு கூடும், திருப்பி அனுப்பும் பங்கும் மாறும். தடிமன் இன்னும் கூடினால் விழுங்குவது கூடுவதில்லை, ஆனால் சூடாக்க வேண்டிய எடை கூடிக்கொண்டே போகிறது. ஆகவே மிக மெல்லிய படலங்களில் தடித்த இடம் சூடு அதிகம். ஓர் எல்லையைத் தாண்டிய பின் மெல்லிய இடம் சூடு அதிகம்.

இதனால் என்ன? உலோகத் திரவத்தின் பரப்பு இழுவிசை சூட்டில் குறையும். சூடான இடத்தில் பிடி தளர, குளிர்ந்த இடம் பரப்பை இழுக்கும், திரவமும் அதோடு போகும். தடித்த மேடு சூடாக இருக்கும் படலத்தில் திரவம் மேட்டிலிருந்து பள்ளத்துக்குப் பாய்ந்து அலையை அடக்கப் பார்க்கும். மெல்லிய பள்ளம் சூடாக இருக்கும் படலத்தில் திரவம் பள்ளத்தை விட்டு மேட்டுக்கு ஓடும், கிழிசல் விரைவுபடும். செயின்ட் லூயிஸில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜஸ்டின் ட்ரைஸ், கிறிஸ்டோபர் ஃபவாசா, ராம்கி கல்யாணராமன், ராதாகிருஷ்ண சுரேஷ்குமார் ஆகியோர் சிலிக்கா மேல் பூசிய கோபால்ட் படலங்களில் இதைத் துருவினார்கள். 2007இல் அவர்கள் காட்டியது, மெல்லிய கோபால்டில் துளிகளின் இடைவெளி ஃப்ரை சொன்ன இருமடி விதியைப் பின்பற்றுகிறது என்று. 2008இல் அவர்களே அடுத்த படியை வைத்தார்கள்: படலத்தின் உள்ளேயே பிறக்கும் வெப்பம் தடிமனைச் சார்ந்து மாறுவதால், அந்தப் பழைய விதி சொல்வதைவிடக் குறுகிய இடைவெளியில் உடையும் புதிய வழி ஒன்று திறக்கிறது என்று. இங்கே வெப்பம் வெறும் பின்னணி இல்லை. தடிமன் வெப்பத்தை மாற்றுகிறது, வெப்பம் ஓட்டத்தை மாற்றுகிறது, ஓட்டம் தடிமனை மாற்றுகிறது. இந்த வளையம் உலையில் பிறக்கவே வழியில்லை.

இந்த விளைவின் பலம் எவ்வளவு என்பதில் கருத்து வேறுபாடு உண்டு, மறைக்க வேண்டியதில்லை. உலோகம் நல்ல வெப்பக் கடத்தி. பக்கவாட்டில் வெப்பம் ஓடி வேறுபாட்டைச் சமன் செய்துவிடும் என்று வாதிடுவோர் இருக்கிறார்கள். கணக்கில் அதைச் சேர்த்தால் விளைவு தணியத்தான் செய்யும். ஆனால் கவனியுங்கள்: இவர்கள் சண்டை போடுவது, அந்த வெப்பச் சாய்வு எவ்வளவு என்பது பற்றி. உலையில் அந்தச் சாய்வே பூஜ்யம், சண்டைக்கே இடம் இல்லை.

அடித்தளமும் இந்த நாடகத்தில் நடிகர்தான் என்பதை உலைச் சிந்தனை மறந்துவிடுகிறது. பத்து நானோ மீட்டர் தங்கத்தை அறை வெப்பத்திலிருந்து உருகுநிலைக்குக் கொண்டுபோய் உருக்க, சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் நான்கு மில்லிஜூல் போதும். சோதனைகளில் பொழிவது இதைப்போலப் பல மடங்கு. மீதி எங்கே போகிறது? ஒரு பகுதி எதிரொளித்துத் திரும்புகிறது, ஒரு பகுதி ஊடுருவிப் போகிறது, பெரிய பங்கு அந்த நூறு நானோ மீட்டர் கண்ணாடித் தோலுக்குள் இறங்குகிறது. உலோகம் எவ்வளவு சூடாகும், எத்தனை நானோ நொடி திரவமாக நிற்கும் என்பதைக் கண்ணாடியே தீர்மானிக்கிறது. சிலிக்காவுக்குப் பதில் நீலக்கல்லை வைத்தால், அதன் வெப்பக் கடத்துத்திறன் இருபது மடங்குக்கும் மேல். அதே துடிப்பில் படலம் உருகாமலே போகக்கூடும். உலையில் இரண்டு கற்களும் ஒரே வெப்பநிலைக்கு வந்து அமைதியாக நிற்கும்.

இன்னொன்று. உலை வாதத்தில் நிலைமத்துக்கு இடமே இல்லை. திண்மப் பரப்பில் ஊரும் அணுவுக்கு உந்தம் என்று ஒன்று கணக்கில் வராது. திரவத் துளிக்கு வரும். கான்ஸ்டன்ஸ் குழுவே 2005இல் ‘சயன்ஸ்’ இதழில் இதை வெளியிட்டது. கண்ணாடி, சிலிக்கன், கிராஃபைட் போன்ற பரப்புகளில் தட்டையான நுண் உலோக வடிவங்களைச் செய்து ஒற்றைத் துடிப்பால் உருக்கினார்கள். தட்டையான திரவம் சில நானோ நொடிகளில் உருண்டையாகச் சுருண்டது. சுருளும்போது அதன் எடை மையம் மேலே எழுந்தது. எழுந்த வேகத்தில் துளி தரையைவிட்டே தாவிப் பறந்தது, நொடிக்குப் பத்து மீட்டர் அளவில். லேசர் அதைத் தூக்கி எறியவில்லை. பரப்பில் முடங்கியிருந்த ஆற்றல் உந்தமாக மாறி வெளியே வந்தது. துளி துள்ளிக் குதிக்கும் ஓர் உலையை யாராவது காட்டினால் இந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

“எப்படிச் செய்தாலும் துகள்கள் தாறுமாறாகத்தானே வரும், இதில் லேசர் என்ன, உலை என்ன” என்பது இதே வாதத்தின் அலுத்துப்போன வடிவம். தாறுமாறு என்பது தொடக்கப் படலம் தாறுமாறாக இருப்பதால் வருவது. டென்னசியில் பிலிப் ராக், ஜேசன் ஃபவுல்க்ஸ் ஆகியோர், நியூஜெர்சியின் லூ கோண்டிக், அர்ஜென்டினாவின் ஹாவியெர் தியெஸ் ஆகியோரோடு சேர்ந்து, படலத்தை முன்கூட்டியே மெல்லிய பட்டைகளாக வெட்டிவிட்டு உருக்கினார்கள். திரவப் பட்டை முதலில் உருளையாகச் சுருங்கும். பிறகு குழாயிலிருந்து விழும் நீர்த்தாரை போலவே முறியும். இயற்பியலாளர்கள் பிளாட்டோவும் ராலேயும் 19ஆம் நூற்றாண்டிலேயே கணக்குப் போட்ட விஷயம் இது. ராலேயின் கணக்குப்படி தனியாக நிற்கும் திரவ உருளையில் மிக விரைவாக வளரும் அலைநீளம் ஆரத்தைப்போல ஒன்பது மடங்கு. நிக்கல் பட்டையின் ஓரத்திலேயே இந்தக் கணக்குக்கு ஏற்ற அலைவடிவத்தை வெட்டி வைத்தால், உருகிய நிக்கல் அந்த அலையைப் பிடித்துக்கொண்டு, சமமான துளிகளாக வரிசையில் உட்கார்ந்தது. 2011இல் வெளிவந்த வேலை இது. உலையில் வைத்தால் அந்த நேர்த்தியான ஓரத்தோடு படிக மணிகள் போட்டிபோடும்.

உலை ஆதரவாளர்களுக்குக் கொடுக்க வேண்டியதையும் கொடுத்துவிடுகிறேன். ஒரு கண்ணாடித் தட்டு முழுக்க ஏதோ ஓர் அளவில் தங்கத் துகள்கள் வேண்டும், ஒளி அவற்றின் மேல் பட்டு ஒரு மூலக்கூறின் அடையாளத்தைப் பெரிதாக்கிக் காட்டினால் போதும் என்றால், உலை போதும். மலிவு, பரப்பு பெரிது, ஆள் தூங்கினாலும் வேலை நடக்கும். அதற்குப் போய் புறஊதாத் துடிப்பு தரும் எக்சைமர் லேசரை வைப்பது காசைக் கரியாக்குவதுதான். லேசர் முகாமிலும் குறை இல்லாமல் இல்லை. இருமடி விதியை ஒரு பக்தி நூலைப்போல வைத்துக்கொண்டு, பூசும்போதே தீவு தீவாக விழுந்த இரண்டு நானோ மீட்டர் படலத்துக்கும் அதைப் பொருத்திக் கோடு போடுபவர்கள் அங்கே உண்டு. அது படலமே இல்லை, அலை எழ அதில் தொடர்ச்சி எங்கே? துடிப்பின் ஆற்றலை எழுதி, அதன் நீளத்தை எழுத மறக்கும் கட்டுரைகளும் உண்டு. பத்து நானோ நொடியும் பத்து பிக்கோ நொடியும் ஒன்று என்று நினைப்பவர், உலையும் லேசரும் ஒன்று என்று நினைப்பவரின் நெருங்கிய உறவினர்.

மிச்சம் இருப்பது காசு வாதம். “விளையாட்டுக்கு நன்றாக இருக்கிறது, தொழிலுக்கு உதவாது.” டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பாலிமர் தூண்கள் மேல் பூசிய அலுமினிய வட்டுகளை நானோ நொடித் துடிப்பால் ஒவ்வொன்றாக உருக்கி வடிவம் மாற்றி, வண்ணப் படம் அச்சிட்டார்கள். அங்குலத்துக்கு 1,27,000 புள்ளிகள். மோனாலிசாவின் முகம் 50 மைக்ரோ மீட்டர் அகலத்தில் அடங்கியது. அலுமினியம் 660 டிகிரியில் உருகும். அதற்கு வெகு முன்பே அந்தப் பிளாஸ்டிக் நாசமாகியிருக்க வேண்டும், உலையாக இருந்தால். இதுவும் ஆய்வக வித்தை என்று ஒதுக்குவார்கள் என்றால், அவர்கள் சட்டைப்பையில் இருக்கும் கைப்பேசிக்கு வரலாம்.

நல்ல திரைகளின் பின்னால் இருக்கும் டிரான்சிஸ்டர்கள் கண்ணாடி மேல் படிகமாக்கிய சிலிக்கனில் செய்தவை. சிலிக்கன் உலோகம் இல்லை, இங்கே அதைத் துளியாக்கவும் கூடாது. ஆனால் மெல்லிய படலம், அடியில் சிலிக்கா அடுக்கும் கண்ணாடியும், மேலே எக்சைமர் லேசர் துடிப்பு என்ற அமைப்பு ஒன்றேதான். ஆற்றல் அளவு மீறினால் இங்கேயும் படலம் சுருண்டு கெடும். ஐம்பது நானோ மீட்டர் தடிமனில் பூசிய ஒழுங்கற்ற சிலிக்கனை 308 நானோ மீட்டர் துடிப்பு உருக்குகிறது. சிலிக்கன் உருக 1414 டிகிரி வேண்டும். திரைக் கண்ணாடியோ 650 டிகிரியை ஒட்டியே நெளியத் தொடங்கும். உருகி உறைந்த சிலிக்கனில் எலக்ட்ரான்கள் ஒழுங்கற்ற சிலிக்கனில் ஓடுவதைவிட நூறு மடங்கு அளவில் எளிதாக ஓடுகின்றன. உலை வழியும் இருக்கத்தான் செய்கிறது, அதையும் செய்து பார்த்திருக்கிறார்கள்: 600 டிகிரியில் பல மணி நேரம் வைத்தால் சிலிக்கன் உருகாமல் திண்மமாகவே படிகமாகும், ஆனால் மணிகளுக்குள் குறைகள் நெருக்கமாக நிறைந்திருக்கும், எலக்ட்ரான்கள் இடறி விழும். அதே சிலிக்கன், அதே கண்ணாடி, இரண்டு வேறு பொருள்கள். திரைத் தொழில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துத்தான் லேசர் பக்கம் போனது. லேசருக்கு வாயு நிரப்பும் செலவும், ஒளிச் சன்னல்களை மாற்றும் செலவும், துடிப்புக்குத் துடிப்பு ஆற்றல் சற்றே பிசகுவதால் திரையில் விழும் மங்கலான கோடுகளோடு மல்லுக்கட்டும் தொல்லையும் எல்லாம் தெரிந்தே போனது.